பகல்விளக்கு

“எந்த ஊர்?” என்று பாட்டி கேட்டார். “நசரத்பேட்டை” என்றேன். படுத்திருந்தவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். “நாட்ஸ்ரத்தோ? நின்டெ நாட்டிலும் ஒரு நாட்ஸ்ரத் உண்டோ மோளே?” இயேசு வளர்ந்த ஊருக்கு எபிரேய மொழியில் நாட்ஸ்ரத் என்று பெயர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பூந்தமல்லிக்கு அடுத்த நிறுத்தம், பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது என்று தமிழில் விளக்கினேன். அவர் மலையாளத்தில் கேட்டுக்கொண்டார். அடுத்த ஐந்து வருடமும் நாங்கள் பேசிக்கொண்டது அப்படித்தான். என் தமிழ் பாதி தூரம் போகும், அவருடைய மலையாளம் மீதித் தூரம் வந்து கூட்டிக்கொண்டு போகும்.

2011 ஜனவரியில் இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனேன். பேர்ஷெபா நகரத்துக்குப் பக்கத்தில், நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்று ஒரு கிராமம். 1954இல் கொச்சி யூதர்கள் குடியேறி வளர்த்த ஊர் அது. நான் பார்த்துக்கொண்ட பாட்டி எர்ணாகுளத்தில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறிப் போனவர். நான் போனபோது எழுபத்தேழு. வீட்டுக்குப் பின்னால் பூ வளர்க்கும் கண்ணாடிக் குடில்கள், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மண். அந்த மண்ணில் கறிவேப்பிலைச் செடி ஒன்றை அவர் பிள்ளைபோல வளர்த்து வைத்திருந்தார்.

இன்றைக்கு அந்த நாட்டின் பெயரைச் சொன்னாலே பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. போகத்தான் செய்யும், போக வேண்டியதும்தான். நான் எழுத உட்கார்ந்தது ஒரு சமையலறையைப் பற்றி. 2016இல் அதை விட்டு வந்தேன். இன்னும் விட முடியவில்லை.

முதல் வாரமே மனசு புண்பட்டது. பாட்டியின் மகன் வந்து சமையலறையைக் காட்டினார். இரண்டு தொட்டிகள், இரண்டு அலமாரிகள். சிவப்புப் பொட்டு வைத்த பாத்திரங்கள் இறைச்சிக்கு, நீலப் பொட்டு பாலுக்கு. ஒன்றோடொன்று சேரக்கூடாது. அதுகூடப் பரவாயில்லை. நான் காய் நறுக்கலாம், மசாலா அரைக்கலாம், கழுவலாம், ஆனால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது மட்டும் பாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். யூதரல்லாதவர் தனியாகச் சமைத்ததை அவர்கள் உண்பதில்லையாம். நான் நம் ஊரில் பிறந்தவள். யார் தொட்டதை யார் சாப்பிடக்கூடாது என்ற பேச்சு காதில் விழுந்தால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவெல்லாம் தூங்கவில்லை.

காலையில் பாட்டி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சக்கர நாற்காலியை அடுப்பருகே தள்ளச் சொன்னார். நடுங்குகிற கையைச் சட்டியின் காதில் வைத்தார். “நீ மறு காதைப் பிடி.” இருவரும் சேர்ந்து ஏற்றினோம். அதற்குப் பிறகு ஐந்து வருடமும் அப்படித்தான் சட்டி அடுப்பேறியது. கொச்சி யூதர்களுக்குள்ளேயே ஒதுக்கல் இருந்த கதையையும் அவரே சொன்னார். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்களுக்குச் சம இடம் கிடையாது. அதை எதிர்த்து ஏ. பி. சாலம் என்ற வழக்கறிஞர் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார், ‘யூத காந்தி’ என்று பெயர் வாங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய அந்தப் பரதேசி யூதர்கள், பாட்டியைப் போன்ற மலபார் யூதர்களையும் ஒரு படி கீழேதான் வைத்திருந்தார்கள் என்று சொல்லும்போது பாட்டியின் குரல் தாழ்ந்துவிடும். அந்த அடுப்பு விதியை நான் முழுதாக ஏற்றுக்கொண்டேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் தான் உண்ணுகிற சோற்றில் தன் கை ஒரு கணமாவது பட வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு இப்போது வேண்டியிருக்கிறது.

கஷ்ருத் என்று அவர்கள் சொல்லும் உணவுச் சட்டம் எதை உண்ணலாம் என்பதோடு நிற்பதில்லை. எப்போது, எதன் பிறகு, யாருக்குக் கொடுத்த பிறகு என்றெல்லாம் போய்க்கொண்டே இருக்கும். இறைச்சி சாப்பிட்டால் பாலுக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மத்தியானம் கோழிக்கறி என்றால் மாலை ஏழு வரை பால் டீ கிடையாது. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று பாட்டியே சொன்னார். ஆனாலும் அவர் கடுங்காப்பியை உறிஞ்சும்போது எதிரே உட்கார்ந்து பால் டீ குடிக்க மனசு வரவில்லை. நானும் காத்திருந்தேன். அந்த ஆறு மணி நேரத்தில் ஒன்று நடக்கும்: மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது சாயங்காலம் வரை நினைவில் இருக்கும். ஒரு கோழி நமக்காகச் செத்தது என்பது சாப்பாடு முடிந்த பிறகும் முடியாமல் இருக்கும்.

ஒரு நாள் தப்பு செய்துவிட்டேன். நீலப் பொட்டுக் கரண்டியை எடுத்து ஆட்டுக்கறிச் சட்டியில் விட்டுக் கிண்டிவிட்டேன். கரண்டியை வெளியே எடுத்த பிறகுதான் பொட்டைப் பார்த்தேன். கை கால் உதறிவிட்டது. பாட்டி அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, யூத மதகுருவான ரப்பிக்குத் தொலைபேசினார். அவர் கேட்டது இரண்டே கேள்வி. கடந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அந்தக் கரண்டி சூடான பாலில் இறங்கியதா? சட்டியில் இருக்கிற குழம்பு, குழம்பில் இறங்கிய கரண்டியைப் போல அறுபது பங்கு இருக்குமா? கரண்டியை முந்தின நாள் முழுக்க யாரும் எடுக்கவில்லை. குழம்பு தப்பியது. கரண்டியைக் கொதிநீரில் போட்டுச் சுத்தி செய்யும் வரை தனியே எடுத்து வைத்தார்கள். பாட்டி ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கரண்டிக்காக மூன்று பேர் கால் மணி நேரம் நின்று யோசித்ததை அதற்கு முன் நான் எங்கும் பார்த்ததில்லை. நான் வேலை பார்த்த மருத்துவமனைகளிலும் பார்த்ததில்லை.

தேங்காய்ப்பால்தான் எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து. பசும்பாலை இறைச்சியோடு சேர்க்கக்கூடாது, தேங்காய்ப்பாலோ தென்னையின் பால். அது இறைச்சிப் பக்கமும் இல்லை, பால் பக்கமும் இல்லை. ஆகவே கோழிக்கறியில் தாராளமாக ஊற்றலாம். கேரளக் கரையில் வந்து இறங்கிய யூதர்களுக்குத் தென்னையே வழி சொல்லிவிட்டது. விருந்தாளி வரும் நாட்களில் கறிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் கீற்றையும் தட்டில் வைக்கச் சொல்வார் பாட்டி. பார்க்கிறவர்கள் மாட்டுப்பால் என்று தவறாக எண்ணிவிடக் கூடாதே. வாதுமைப் பாலுக்கென்று பழைய நூல்களில் இருக்கும் வழக்கம் அது. அவர் வீட்டில் தேங்காய்க்கு வந்துவிட்டது.

இரத்தம் ஒரு சொட்டும் உண்ணக்கூடாது என்பது வேதக் கட்டளை. இப்போது அங்கே கசாப்புக் கடையிலேயே உப்பிட்டுத்தான் விற்கிறார்கள். எர்ணாகுளத்தில் அம்மா செய்ததைப் பாட்டி கையசைத்துக் காட்டுவார். அரை மணி தண்ணீரில் ஊறல், பிறகு கல்லுப்பு தூவிச் சாய்வான பலகையில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று முறை கழுவல். ஈரலுக்கு உப்பு போதாது, அதைத் தீயில் வாட்டியே ஆக வேண்டும். மீனில் செதிலும் துடுப்பும் இரண்டும் வேண்டும். காயலோரம் பிறந்து வளர்ந்தவர், கூடை கூடையாக இறால் இறங்குகிற ஊரில் ஒரு இறாலைக்கூட வாயில் வைக்காமல் வாழ்ந்திருக்கிறார். கரிமீனைப் பற்றிப் பேசும்போது மட்டும் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஊரை விட்டு அறுபது வருடம் ஆகியும் அந்த மீனை அவர் விடவில்லை.

பஸ்காப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அரிசி பார்க்கத் தொடங்குவோம். அந்த எட்டு நாளும் புளித்த மாவு வீட்டில் இருக்கக்கூடாது. இஸ்ரேலுக்குள்ளே ஏழு நாள்தான், பாட்டி கொச்சிக் கணக்கை விடாமல் எட்டு என்றே சொல்லுவார். ஐரோப்பிய யூதர்கள் பலர் அப்போது அரிசியையே தொடுவதில்லை. கொச்சிக்காரர்கள் உண்பார்கள். ஆனால் அரிசியில் ஒரு கோதுமை மணிகூடக் கலந்திருக்கக்கூடாது. வெள்ளைத் துணி விரித்து, ஒரு பிடி அரிசியைப் பரப்பி, ஒவ்வொரு மணியாக விரல் நுனியால் தள்ளிப் பார்ப்பார். ஒரு தடவை முடிந்ததும் மறுபடி. மூன்றாவது தடவையும் பார்த்த பிறகுதான் பானைக்குப் போகும். கண்ணில் புரை விழுந்த கிழவி. கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி. எர்ணாகுளத்தில் பண்டிகைக்கு முன் கிணற்றையே இறைத்துத் தேய்த்துக் கழுவுவார்களாம்.

எங்கள் வீட்டில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். திண்ணையில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடி, விரல் மட்டும் தனியே வேலை செய்யும். கடைசியாக அந்த முறத்தை எப்போது பார்த்தேன் என்று அந்த வெள்ளைத் துணி முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். யூத ஞானிகளில் பெரியவரான மைமோனிடீஸ் கெய்ரோவில் அரச மருத்துவராக இருந்தவர், 1204இல் இறந்தார். இந்தியாவில் இருக்கும் யூதர்களுக்கு ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தவிர வேறொன்றும் தெரியாது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பாட்டியின் வெள்ளைத் துணியை அவர் பார்த்திருக்க வேண்டும். பசித்த பிறகே உண், வயிறு நிறையும் முன்பே, கால் பங்கு இடம் இருக்கும்போதே நிறுத்து என்று சொன்னவரும் அவர்தான். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். பாட்டியிடம் அதைச் சொன்னபோது, “எல்லா வைத்தியனும் ஒரே மாதிரிதான் பேசுவான்” என்று மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வாழ்த்து உண்டு. மரத்தில் காய்த்ததற்கு ஒன்று, மண்ணில் விளைந்ததற்கு வேறொன்று. வாயில் போடும் முன் இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால்தான் எந்த வாழ்த்து என்று தெரியும். வாழைப்பழத்துக்கு மரத்தின் வாழ்த்து என்று நினைத்திருந்தேன். “இல்லை மோளே, வாழை மரமல்ல. குலை தள்ளினால் தண்டு தீர்ந்துபோச்சு. மறு வருடம் அதே தண்டு காய்க்காது. அதனால் மண்ணின் வாழ்த்து.” அப்பா குத்தகை நிலத்தில் வாழை வைத்திருந்தார். குலை வெட்டியதும் மரத்தையும் வெட்டிச் சாய்ப்பதைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை யோசித்ததே இல்லை.

வளர்ப்புப் பிராணிக்கு இரை வைக்கும் முன் எஜமான் உண்ணக்கூடாது என்பதும் தல்மூது என்ற யூத நூலின் காலத்து விதி. பாட்டி வீட்டில் இரண்டு பூனைகள். அவற்றின் தட்டு நிறைந்த பிறகுதான் நம் தட்டு. இது மட்டும் எனக்குப் புதிதாகப் படவில்லை. அம்மா சுவர் மேல் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டுவிட்டுத்தான் எங்களுக்கு இலை போடுவாள்.

2014 செப்டம்பரில் ஷ்மிதா வருடம் பிறந்தது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கும் ஓய்வு. விதைக்கக்கூடாது, உழக்கூடாது, தானாக விளைந்தது எல்லோருக்கும் பொது. நாட்டின் விவசாயிகளில் பெரும்பாலோர் நிலத்தைப் பெயரளவில் யூதரல்லாதவருக்கு விற்று வைத்துப் பயிர் செய்கிறார்கள், அதற்கும் ரப்பிகளின் அனுமதி உண்டு. பாட்டிக்கு அந்தச் சுற்றுவழி பிடிக்காது. அவருக்கு இருந்தது கொல்லைப்புறம் மட்டும்தான். அந்த வருடம் மிளகாய் விதைக்கவில்லை. மாதுளையும் கறிவேப்பிலையும் சாகாமல் இருக்கத் தண்ணீர் மட்டும் விட்டோம். கொல்லைக் கதவைக் கயிறு போட்டுத் திறந்தபடியே கட்டி வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து பழம் பறித்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுக் குழந்தைகள் வந்தார்கள், சாலைப் பணிக்கு வந்தவர்கள் வந்தார்கள். ஒரு வருடம் முழுக்க அந்தக் கதவைச் சாத்தவில்லை. எங்கள் ஊரில் நிலம் தரிசாகக் கிடந்தால் பிளாட் போடப் போகிறார்கள் என்று பொருள். அப்பா உழுத இடத்தில் இப்போது சரக்குக் கிடங்கு நிற்கிறது. வெளிவட்டச் சாலைக்குப் போகிற லாரிகள் அதன் முன்னால் வரிசை கட்டுகின்றன.

வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. காலையிலிருந்து வீடு ஓடும். அன்று மாலை தொடங்கும் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் எல்லாச் சமையலும் பொழுது சாயும் முன் முடிந்தாக வேண்டும். சனிக்கிழமைக்கான ஹமீன் என்ற உணவு இரவெல்லாம் மிதமான சூட்டுத் தகட்டின் மேல் கிடந்து வேகும். எர்ணாகுளத்திலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தூக்குவிளக்கில் நான் எண்ணெய் விடுவேன், பாட்டி திரி போடுவார். சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பு விளக்கேற்ற வேண்டும். குளிர்காலத்தில் நாலரைக்கு முன்பே வந்துவிடும், கோடையில் ஏழரை ஆகிவிடும். நேரத்தைத் துண்டுத்தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுவது என் வேலை. ஏற்றியதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்வார். கையை எடுக்கும்போது அந்த முகம் வேறாக இருக்கும். வலியெல்லாம் எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர் போல.

வெளிச்சம் இருக்கும்போதே ஏன் விளக்கு என்று கேட்டேன். சிரித்தார். கொச்சி யூதர்களுக்கு ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடு இன்னும் மட்டாஞ்சேரியில் இருக்கிறது. வட்டெழுத்தில் எழுதியது. யூதர்களின் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள், அவற்றில் பகல்விளக்கும் ஒன்று. பெரிய மனிதர்களுக்கு மட்டும் பகலில் விளக்கேந்திப் போகும் மரியாதை. “ராஜா கொடுத்த பகல்விளக்கு ஒரு ஆணுக்கு. தைவம் கொடுத்த பகல்விளக்கு எல்லாப் பெண்ணுக்கும்” என்றார்.

பிறகு இருபத்தைந்து மணி நேரம் தொலைபேசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, காசைத் தொடுவது கிடையாது. அந்த விதியும் எனக்கில்லைதான். முதல் சில மாதம் அறைக்குப் போய் ஊருக்குப் பேசினேன். பிறகு நானும் அணைத்து வைக்கத் தொடங்கினேன். நெவாதிமில் வெள்ளிக்கிழமை இரவுக்கு ஒரு சத்தமின்மை உண்டு. அதில் பாட்டி பழைய மலையாளப் பாட்டுகளைப் பாடுவார். பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தாய் மகளுக்குக் கொடுத்து வந்த பாட்டுகள். ரொட்டியை உப்பில் தொட்டு எனக்கும் ஒரு துண்டு தருவார். மெதுவாகச் சாப்பிடுவோம். எங்கும் போக வேண்டியதில்லை.

2016 தொடக்கத்தில் பாட்டி போய்விட்டார். அந்நியப் பராமரிப்பாளருக்கு அந்த நாட்டுச் சட்டம் தருகிற ஐந்து வருடம் மூன்று மாதமும் முடியும் தறுவாயில் இருந்தது. ஊருக்கு வந்துவிட்டேன்.

இங்கே சாப்பாடு குறைவில்லை. நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக பிரியாணிக் கடைகள். இரவு பதினொரு மணிக்கும் வண்டியில் பொட்டலம் வந்து வாசலில் நிற்கிறது. அக்கா பிள்ளைகள் கைபேசியைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள், தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நேற்று இரவு நான் என்ன சாப்பிட்டேன் என்று இதை எழுதும்போது யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அங்கே ஐந்து வருடம் மத்தியானச் சாப்பாட்டை மாலை வரை சுமந்தவள் நான். பூந்தமல்லி மீன் கடையில் இன்னும் என் கண் செதிலைத்தான் தேடுகிறது. சுறாப்புட்டு எனக்கு உயிர். அதையும் வாங்குகிறேன், சாப்பிடுகிறேன். ஆனால் யாரோ பக்கத்தில் நின்று கடுங்காப்பி குடிப்பது போலிருக்கிறது.

ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில் யூதர்களுக்கு ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பவழமும் வைரமும் வணிகம் செய்ய 17ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்தவர்களின் மிச்சம் அது. அவர்கள் குடியிருந்த தெருவுக்கு இன்றும் பவழக்காரத் தெரு என்றுதான் பெயர். காசிமேட்டில் இருந்த கல்லறையை 1983இல் இங்கே மாற்றினார்கள். நெவாதிமில் பாட்டியின் சமாதிக்கு என்னால் போக முடியாது. அவர்கள் கல்லறைக்குப் பூ கொண்டுபோவதில்லை, ஒரு கூழாங்கல் வைப்பார்கள். வீட்டு வாசலில் பொறுக்கிய ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. மதில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. புரட்டாசி பிறக்கப் போகிறது, வீட்டில் ஒரு மாதம் கவுச்சி கிடையாது. அவள் காலத்திலிருந்து வருகிற பழக்கம், அதில் மாற்றமில்லை. போன வாரம் பரணிலிருந்து முறத்தை இறக்கச் சொன்னாள். ஒரு ஓரம் பிரிந்திருக்கிறது, மெழுகிக் காய வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கு அவள்தான் ஏற்றுவாள், இருட்டிய பிறகு ஏற்றுவதுதான் வழக்கம். இந்த வாரம் முன்னாலேயே ஏற்றலாமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் சூரியன் மறைவது 6.09க்கு. 5.51 என்று துண்டுத்தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.